கண்ணீருக்கு எத்தனை மதிப்பெண்?

வீட்டு வசதி அலுவலகத்தின் கதவு திறப்பதற்குள் எதிரே இருந்த டீக்கடையில் மூன்று பேர் அழுது முடித்திருந்தார்கள். நான்காவது ஆளுக்குத்தான் அழுகை வரவில்லை.

"எனக்கு வராது வாத்தியாரே," என்றார் பள்ளி வேன் டிரைவர். "எங்கப்பா செத்தப்பவே வரலை. சொந்தக்காரங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க."

"வரவே வேண்டாம். வர்ற மாதிரி இருந்தாப் போதும். நிஜமா அழுதுட்டா வாய் குழறும், சொல்ல வந்தது நின்னு போகும். உதட்டைக் கடிங்க. மேஜையைப் பாருங்க. 'ராத்திரி எழுந்து என் பையன் கேக்குறான் சார்'னு சொல்லி, அங்க ஒரு நிறுத்தம் குடுங்க."

"எனக்குப் பையன் இல்லையே, பொண்ணுதான்."

"பொண்ணு கேக்கட்டும்."

டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "இனிமே எனக்குக் குழாய்த் தண்ணியே வேண்டாம் போல. உங்க ஆளுங்க கண்ணீரைப் பிடிச்சே டீ போட்டுடலாம்."

"கரிக்குமே."

"இப்போ மட்டும் என்ன, இனிக்குதா?" என்றார் டிரைவர்.

வாத்தியார் என்று கூப்பிட்டார்களே தவிர, அந்த மனிதரின் முழுப் பட்டம் அழுகை வாத்தியார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் அரசாங்கம் புதிதாக அடுக்குமாடி கட்டியிருந்தது. வீடுகள் கொஞ்சம், கேட்டவர்கள் கொள்ளை. மனு போட்ட ஒவ்வொரு குடும்பமும் மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் போய் நின்று தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு மூவரும் மதிப்பெண் போடுவார்கள். காகிதத்துக்கு மனிதர்களின் வலி தெரியாது, வாயால் சொல்லட்டும் என்று யாரோ நல்ல மனதோடு கொண்டுவந்த விதி அது. சில வருடங்களிலேயே எந்தக் கஷ்டத்துக்கு என்ன விலை என்று ஊருக்கே அத்துப்படியாகிவிட்டது. புருஷன் செத்திருந்தால் அதிகம், ஓடிப்போயிருந்தால் குறைவு. நோய் என்றால் பெயர் வாயில் நுழையாததாக இருந்தால் நல்லது.

வாத்தியார் படித்தது தத்துவம். ஒரு கல்லூரியில் பாடமும் நடத்தினார். சேர ஆளில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். இப்போது மதியத்துக்கு மேல் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். பக்கத்து வீட்டு அம்மாள் குழுவின் முன் நிற்கப் பயந்து நடுங்கியபோது, எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது என்று சும்மா ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு வீடு கிடைத்தது. அதோடு பிடித்தது சனி. கூலி என்று அவர் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவர் வீட்டில் காய்கறி விலைக்கு வாங்கி வெகு காலமாகிவிட்டது.

இந்த வருடம் அவருடைய சொந்த அக்காவே மனு போட்டிருந்தாள். அடுத்த வாரம் அவள் முறை.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை வைத்தார். வீடு என்றால் ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். அதில் வாத்தியார், மனைவி, அக்கா, அக்காவின் இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பரீட்சை நெருங்கியதால் வாசற்படியில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது உள்ளே வந்தால் எழுந்து வழிவிட்டு மறுபடி உட்காருவாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை. இரவில் கால் நீட்டினால் அது தம்பி மனைவியின் தலையணையில் போய் இடிக்கும். ஆச்சரியம் என்னவென்றால், அக்காவுக்கும் தம்பி மனைவிக்கும் சண்டையே வந்ததில்லை. சேர்ந்துகொண்டு வாத்தியாரைத்தான் வாட்டுவார்கள்.

"சொல்லுக்கா. அத்தான் விட்டுட்டுப் போன அன்னைக்கு நீ என்ன பண்ணே?"

"துணி தேய்ச்சேன். அன்னைக்குன்னு பாத்து லோடு ஜாஸ்தி."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, இதுக்கு மார்க் கிடையாது."

"சிரிக்காதீங்க ரெண்டு பேரும். அப்புறம்? வீட்டுக்கு வந்து தனியா உக்காந்து அழுதிருப்பே இல்ல?"

"எங்கடா தனியா உக்கார்றது? சின்னவளுக்குக் காய்ச்சல். மருந்து வாங்கப் போனேன்."

"அது! அதைப் பிடி. கையில மருந்துச் சீட்டு, வீட்டுல காய்ச்சல், வாசல்ல அத்தானோட செருப்பைக் காணோம். அங்க ஒரு நிறுத்தம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வாசற்படியிலிருந்து பெரியவள் திரும்பாமலே கேட்டாள். "மாமா, என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா அங்க?"

"வந்தா நல்லதும்மா. பிள்ளைங்க நின்னா அவங்களுக்கு மனசு இளகும்."

"நானும் அழணுமா? இல்ல, அப்பா எப்படிப் போனாருன்னு மட்டும் சொன்னாப் போதுமா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. வாத்தியார் எழுந்து தண்ணீர் குடித்தார். ஒத்திகை அத்தோடு நின்றது.

மறுநாள் டீக்கடையில் அவர் உட்காரும் முன்பே அலுவலகப் பியூன் வந்துவிட்டார். "வாத்தியாரே, அலுவலர் அம்மா கூப்பிடுறாங்க."

டீக்கடைக்காரர் மெல்ல, "உங்க டீயை ஆறாம வெச்சிருக்கவா, இல்ல ஜாமீனுக்கு ஆள் பாக்கவா?" என்றார்.

அலுவலர் அம்மாள் இந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். குழுவின் தலைவியும் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட, சத்தம் போட்டுப் பேசாத பெண்மணி. அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நேராக டீக்கடை.

"இங்க இருந்து பாத்தா உங்க வகுப்பு நல்லாத் தெரியுது," என்றார். "நேத்து ஒரே நாள்ல நாலு வீட்டுக் குழந்தைங்க ராத்திரி எழுந்து 'நம்ம வீடு எங்கம்மா இருக்கு'ன்னு கேட்டிருக்கு. ஊர்ல எல்லாக் குழந்தைக்கும் ஒரே கனவா?"

"வார்த்தை என்னுதும்மா. கஷ்டம் அவங்களுது. நான் கொஞ்சம் மெருகு..."

"மெருகா? போலீஸ்ல அதுக்கு வேற பேரு வெச்சிருக்காங்க."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான் கையைக் குவித்தார். ஆனால் முந்தைய நாள் வாசற்படியிலிருந்து வந்த கேள்வி இன்னும் காதில் இருந்தது. கை இறங்கியது.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? நேத்து கடைசியா ரெண்டு குடும்பம் வந்தாங்க. ஒருத்தர் பார்வை போன அப்பாவோட மாடிப்படிக்கு அடியில இருக்கார். இன்னொரு அம்மா மூணு பிள்ளைங்களோட கார் ஷெட்டுல இருக்காங்க. யாருக்கு அதிகம் போட்டீங்க?"

"அதை உங்ககிட்ட சொல்லணும்னு அவசியம் இல்லை."

"இல்லைதான். எப்படி முடிவு பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியுமான்னு கேட்டேன்."

திமிரான கேள்வி. அலுவலர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வாத்தியார் எதிர்பார்த்தபடி அவர் கோபப்படவில்லை.

"அந்த அம்மாவுக்குப் போட்டேன்," என்றார். "அவங்க அழுதாங்க. அவர் அழலை. வீட்டுக்குப் போய் சாப்பாடே இறங்கலை எனக்கு."

"ரெண்டு பேரும் என்கிட்ட வந்தவங்கதாம்மா. அவருக்கு எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன், வரலை. அந்த அம்மா சட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்போ யாருக்கு அதிகக் கஷ்டம்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"ஒரு அளவுக்கு மேல முடியாது. கூரை இருக்கா, எத்தனை பேர் எத்தனை அடியில படுக்குறாங்க, தண்ணி இருக்கா, மாடி ஏற முடியாதவங்க இருக்காங்களா, இதெல்லாம் கண்ணால பாக்கலாம். நேர்ல போய்ப் பாருங்க. பொய் சொல்றவங்க, இன்னொரு வீடு வெச்சிருக்கறவங்க, அவசரம் இல்லாதவங்க எல்லாம் அங்கயே கழிஞ்சிடுவாங்க. அதுக்கப்புறம் மிஞ்சுறவங்க அத்தனை பேருக்கும் வீடு வேணும். பார்வை போன அப்பா பெரிசா, மூணு பிள்ளை பெரிசான்னு கேட்டா அதுக்கு விடை உங்ககிட்டயும் இல்லை, என்கிட்டயும் இல்லை. ஏன்னா அந்த ரெண்டையும் வெச்சு நிறுக்கத் தராசே கிடையாது. ஆனா நீங்க நிறுத்துத்தான் ஆகணும்னு உக்காந்திருக்கீங்க. அதனால நிறுக்க முடிஞ்சதை நிறுக்குறீங்க. அழுகையை."

"மிஞ்சுறவங்களை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"குலுக்கல்."

அலுவலர் அம்மாள் சிரித்தேவிட்டார். "குலுக்கலா! லாட்டரியா நடத்துறோம் இங்க? முடிவெடுக்கத் துப்பில்லாம சீட்டு எடுக்குறாங்கன்னு ஊரே காறித் துப்பும். அப்புறம் நாங்க எதுக்கு?"

"வீடு வீடா ஏறி இறங்கிப் பாக்குறதுக்கு. அது இப்போ யாரும் பண்ணலையே." வாத்தியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வகுப்பறையில் நின்ற நாட்களுக்குப் பிறகு அவர் குரல் இப்படி நிமிர்ந்து வந்ததில்லை. "அம்மா, வீடு கிடைக்காதவங்களை நினைச்சுப் பாருங்க. அவங்கதான் அதிகம். மார்க் போட்டுத் தோத்தா நீங்க அவங்களுக்குச் சொல்றது என்ன? 'உன் கஷ்டம் பத்தாது'ன்னு. அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய், 'நீ சரியா அழலை'ன்னு பொண்டாட்டியைத் திட்டுறவங்களை எனக்குத் தெரியும். சீட்டு எடுத்துத் தோத்தா, 'உனக்கும் வீடு வேணும்தான், அதிர்ஷ்டம் இல்லை'ன்னு மட்டும்தான் அர்த்தம். வீடு ரெண்டுலயும் இல்லை. ஆனா மனுஷனுக்கு மிச்சம் இருக்கறது வேற."

அலுவலர் அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"தத்துவம்மா."

"அதுல வீடு ஒதுக்குறதெல்லாம் வருமா?"

"எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது, சமமா நிக்கிறவங்களை எப்படி நடத்தணும்... இதைப் பத்தித்தான் வருஷக்கணக்காப் பேசிக்கிட்டிருந்தோம். கேக்கத்தான் ஆள் இல்லை."

"நல்லா இருக்கே. இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா எதிர்க்கடையில அழுகை சொல்லிக் குடுத்தீங்க?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. வாத்தியார் மேஜையின் விளிம்பைப் பார்த்தார். சொல்லிக் கொடுத்த பாவனை அல்ல; நிஜமாகவே நிமிர முடியவில்லை.

"உங்க வீட்டுல யாராவது மனு போட்டிருக்காங்களா?" என்று கேட்டார் அலுவலர் அம்மாள்.

"எங்கக்கா. ரெண்டு பொண்ணுங்க. அடுத்த வாரம் வரணும்."

"இப்போ இருக்கற முறையில அவங்களுக்குக் கிடைக்குமா?"

"கண்டிப்பாம்மா. நான்தானே வாத்தியார்."

"நீங்க சொன்ன முறையில?"

"பத்துக்கு ஒண்ணு."

அலுவலர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "குழுவுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. சாயங்காலம் கூட்டம் போடறேன். நீங்களும் வாங்க. எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்க. மெருகு வேண்டாம்."

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். மற்றவர் தூங்கி வழிந்தார். கத்தியவர்தான் கடைசியில் இணங்கினார். அவருக்கும் சில முகங்கள் கண்ணுக்குள் நின்றிருக்க வேண்டும். இந்த ஒரு வருடம் சோதனை என்று முடிவாயிற்று. போட்ட மதிப்பெண்கள் ரத்து. வேன் டிரைவர் வாத்தியாரை வழிமறித்து, "பாதிப் பாடத்துல விட்டுட்டீங்களே! நேத்துதான் உதட்டைக் கடிக்கவே பழகினேன்," என்று சண்டை போட்டார்.

அது சின்னச் சண்டை. பெரிய சண்டை வீட்டில் காத்திருந்தது.

"அண்ணி, கேட்டீங்களா?" என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "கைக்கு வந்ததைத் தூக்கி ஊருக்குக் குடுத்துட்டு வந்திருக்கார் உங்க தம்பி. உலகத்துக்கே நியாயம் பண்ணியாச்சு. நம்ம வீட்டுல கால் நீட்ட மட்டும் இடம் இல்லை."

"சரியானது எதுவோ அதைச் சொன்னேன்."

"சரியானதை அடுத்த மாசம் சொல்றது! அண்ணிக்கு வீடு கிடைச்சப்புறம் சொன்னா தத்துவம் கெட்டா போயிடும்?"

வாத்தியாரிடம் இதற்குப் பதில் இருந்தது. அடுத்த மாதம் சொன்னால் அந்த வாய்க்கு மதிப்பில்லை என்று விளக்கியிருக்கலாம். ஆனால் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகக் காத்திருந்தார்.

"அப்போ நான் அங்க போய் அவரைப் பத்திச் சொல்ல வேண்டாம்?" என்றாள்.

"வேண்டாம்க்கா."

"கிடைக்காமலும் போகலாம்."

"போகலாம்."

அக்கா மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். "நீ சொன்னது தப்புன்னு சொல்லலை. எனக்கு அவ்வளவு புரியவும் இல்லை. ஆனா அது என் வீடுடா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்க்கா," என்றார்.

"இப்போ சொல்றே," என்றாள் அவள், பக்கத்தில் இருந்த துணிக் குவியலை அவர் பக்கம் தள்ளிவிட்டு. "மடி."

அவரும் மடித்தார். அந்த வாரம் முழுவதும் அவள் அவரோடு வேறு எதுவும் பேசவில்லை.

பிறகு ஆய்வுக்கு ஆள் வந்தார். இளைஞர், கையில் அளவு நாடா. கூடத்தை அளந்தார். எத்தனை பேர், யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டார். சமையல் மூலையில் கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்தார். வாசற்படியில் இருந்த பெரியவள் எழுந்து வழிவிட, "நீ படிம்மா, நான் தாண்டிப் போறேன்," என்று தாண்டிப் போனார். குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த இளைஞர் தெருவைத் தாண்டிய பிறகு அக்கா தம்பியிடம் வாயைத் திறந்தாள். "புருஷன் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைடா."

"கேக்க மாட்டாங்கக்கா. அது அவங்களுக்குத் தேவையில்லை."

"போன தடவை ரேஷன் கார்டு மாத்தப் போனப்போ நாலு பேர் முன்னாடி கேட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவருக்குத் தட்டில் சோறு போட்டது அக்காதான்.

குலுக்கல் நாளன்று பஸ் டிப்போவை ஒட்டிய மண்டபத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மேடையில் உருளை ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் சீட்டுகள் புரளும். சுற்றுவதற்கு மனுப் போட்டவர்களையே மாற்றி மாற்றிக் கூப்பிட்டார் அலுவலர் அம்மாள். பார்வை இழந்த அப்பாவை அவர் மகன் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். அவர் சுற்றிய சுற்றில் கார் ஷெட்டு அம்மாளின் எண் வந்தது. அவருடைய எண் கடைசிவரை வரவில்லை. வேன் டிரைவருக்கு வந்தது. வாத்தியாரைத் தேடி வந்து கட்டிப் பிடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

அக்காவின் எண் வரவில்லை.

கூட்டம் கலைந்தது. "என் எண் எப்பவுமே இப்படித்தான், பிறந்த தேதியே சரியில்லை!" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். உருளை ஒரு பக்கமாகக் கோணலாக இருந்ததாக இன்னொருவர் சத்தியம் செய்தார். முந்தைய வருடங்களில் இதே ஆட்கள் இதே மண்டபத்திலிருந்து தலை நிமிராமல் போனதை வாத்தியார் பார்த்திருக்கிறார். இது அவர் சொன்னபடியே நடந்தது. அதில் அவருக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

அலுவலர் அம்மாள் இறங்கி வந்து அக்காவின் முன்னால் நின்றார். "இந்த வருஷம் வராதவங்களுக்கு அடுத்த வருஷம் ரெண்டு சீட்டுப் போடலாம்னு இருக்கோம். உங்க தம்பி அது நியாயமா இல்லையான்னு யோசிச்சுச் சொல்லணும்."

"அவனைக் கேக்காதீங்கம்மா," என்றாள் அக்கா. "அவன் யோசிக்க ஆரம்பிச்சா எனக்கு நஷ்டமாத்தான் முடியும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அலுவலர் அம்மாளும் சிரித்தார்.

அக்காவும் தம்பியும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். எதிரே அந்த அடுக்குமாடி, புதுச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்க, நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் யாரோ அதற்குள்ளேயே ஒரு ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல வீடுடா," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"பெரியவளுக்கு ஒரு மூலை கிடைச்சிருக்கும்."

"ஆமா."

"நீ பேசாம இருந்திருந்தா கிடைச்சிருக்கும்."

"ஆமாக்கா."

அவள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள்கள் முதலில் மெல்லக் குலுங்கின. பிறகு, வீட்டுக்காகவா, வாசலில் காணாமற்போன செருப்புக்காகவா, இரண்டும் கலந்தா என்று தெரியாமல், நடுத்தெருவில், சத்தமாக, மூக்கு ஒழுக, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் அழுதாள். ஊருக்கே அழுகை சொல்லிக் கொடுத்தவருக்குத் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெயிலுக்கென்று கொண்டுவந்திருந்த குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

பஸ் வந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்து, "ஏறலையா?" என்றார்.

"நீங்க போங்க," என்றார் வாத்தியார். "அடுத்த பஸ்ல வர்றோம்."